நாற்பத்தெட்டு நாள்களுக்கான பூ

கடையில் வாங்குவது பூ அன்று என்பதை இன்றும் நான் உறுதியாகச் சொல்வேன். ஒல்லாந்தில் வெட்டுண்டு, குளிரூட்டிய லொறியில் பயணம் செய்து, பேரங்காடி வாசலில் வாளிக்குள் மூன்று நாள் நின்ற ஒன்றைப் பூ என்று அழைப்பவர்கள், பனிக்கட்டிப் பெட்டியில் கிடக்கும் மீனையும் நீந்துகிறது என்பார்கள். இதனை என் தங்கை பாலாம்பிகையிடம் சொன்னவன் நான். சொல்லாது இருந்திருக்கலாம். அவள் அதனை அப்படியே எடுத்துத் தன் நேர்த்திக்கடனுக்குள் வைத்துக்கொண்டாள்.

அது 2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். அவளுடைய கணவர் தம்பித்துரையின் நெஞ்சைத் திறந்து, அடைபட்ட மூன்று குழாய்களுக்கு மாற்றுவழி அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் நடையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது மணி நேரத்தில் அவள் கண்ணை மூடி முருகனிடம் நேர்ந்தாள். அவர் உயிரோடு வெளியே வந்தால், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாளும் விடாமல், தன் கையால் நட்டு வளர்த்த செடியில் அன்று மலர்ந்த பூவைச் சாத்துவாள். உச்சிப்பொழுதுக்கு முன் சாத்துவாள். சாத்தும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. ஒரு நாள் தவறினாலும் முதலாம் நாளிலிருந்து மறுபடி தொடங்குவாள். மொட்டைக் கொய்து வீட்டில் வைத்து விரியச் செய்த பூ பூசைக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அது செடியிலேயே மலர்ந்திருக்க வேண்டும்.

தம்பித்துரை பிழைத்தார். நேர்த்தி நின்றது.

நாங்கள் இருப்பது கொலோனிலிருந்து இரண்டு மணி நேரம் கிழக்கே, சவர்லாந்து மலைப்பகுதியில், கடல்மட்டத்துக்கு ஐந்நூற்று முப்பது மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூர். கொலோனில் வாழும் எங்கள் உறவினர்கள் குளிர்கால மேல்கோட்டைக் கழற்றிவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லும் நாளில் இங்கே வாசற்படிக்கு உப்புத் தூவிக்கொண்டிருப்போம். மே மாத நடுவிலும் உறைபனி விழும். ஊரின் விளிம்பில், தோட்டச் சங்கத்துக்குரிய நிலத்தில், முந்நூறு சதுர மீற்றர் துண்டு ஒன்றைத் தங்கை குடும்பம் குத்தகைக்கு வைத்திருந்தது. அவ்வாண்டு கோடையில் அங்கே நட்ட ரோசாச் செடிகளை நம்பி அவள் நேர்த்தியைத் தொடங்கினாள். ஒன்பதாம் நாள் பெய்த மழையில் இருந்த பூவெல்லாம் அழுகிப் பழுப்பேறின. மறுபடி தொடங்கினாள். பதினான்காம் நாள் செடியில் மொட்டே இல்லை. பிறகு இலையுதிர்காலம் வந்துவிட்டது.

அதன்பின் அவள் இளைக்கத் தொடங்கினாள். தம்பித்துரை இருமினால் உடனே சாமித்தட்டைத் திரும்பிப் பார்ப்பாள். கடவுள் தவணையை நினைவூட்டுகிறார் என்பது அவள் அச்சம். தண்ணீர்க்குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருபது ஆண்டு வேலை செய்த தம்பித்துரைக்கோ எதுவும் பகிடி, வேடிக்கைப் பேச்சு.

“எனக்கு மேலை இருந்து தந்தது டுல்டுங்தான் மாஸ்ரர்,” என்பார் என்னிடம். “நிரந்தர விசா இன்னும் வரேல்லை. உங்கட தங்கச்சி அன்ட்ராக்கை நிரப்பி முடிச்சால்தான் உண்டு.”

அகதிகளாய் வந்த காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டித்துக் கொடுக்கப்பட்ட தாளுக்கு டுல்டுங் என்று பெயர். ‘இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம்’ என்பது அதன் சாரம். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். பாலாம்பிகை சிரிக்க மாட்டாள்.

“நெஞ்சைத் தைச்ச டொக்டர் உங்கட வாயையும் சேத்துத் தைச்சிருக்கலாம்,” என்பாள்.

நான் அவர்கள் வீட்டு மேல்மாடி அறையில் வசிப்பவன். முப்பத்தைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் சும்மா இருப்பது எப்படி என்பதை மட்டும் கற்றிருக்கவில்லை. அஞ்சலில் வரும் நாற்றுப்பண்ணை விலைப்பட்டியல்களை வரவழைத்து, ஜெர்மன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் வாசித்தேன். குளிரைத் தாங்க வேண்டும். நீண்ட நாள் பூக்க வேண்டும். நாள்தோறும் புதிதாய் மலர வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைந்த செடி உலகில் இராது என்று நான் முடிவுகட்டவிருந்த வேளையில் எண்பத்தாறாம் பக்கத்தில் அது இருந்தது.

ஜெர்மானியர் அதனை டாக்லீலியெ என்கிறார்கள். நாள் லில்லி என்று பொருள். அது லில்லியும் அன்று, அல்லியும் அன்று. லில்லிக்குக் குமிழ்க்கிழங்கு உண்டு, அல்லி நீரில் வாழ்வது, இதற்கோ தண்ணீர்விட்டான் எனப்படும் சாத்தாவாரியினுடையவை போன்ற சதைப்பிடிப்பான வேர்கள். வேறு பெயர் இல்லாமையால் ஒருநாள் லில்லி என்று எழுதுகிறேன். புல்லைப் போன்ற நீண்ட இலைகளின் நடுவிலிருந்து இடுப்புயரத் தண்டு எழும்பும். தண்டின் தலையில் பதினைந்து, இருபது மொட்டுகள். விடியலில் ஒன்று விரியும். பொழுது சாய்ந்ததும் அது சுருங்கி முடிந்துவிடும். மறுநாள் விடியலில் அடுத்தது. ஒரு பூவுக்கு ஒரே ஒரு பகல்தான் ஆயுள். ஆதலால் இதனை எந்தக் கடைக்காரனாலும் வெட்டி வாளிக்குள் வைத்து விற்க முடியாது.

அப்பக்கத்தை நான் நான்கு முறை வாசித்தேன். பழம்பூ என்ற ஒன்று அச்செடியில் இருக்கவே இயலாது. பூசைக்குரிய பூவின் இலக்கணத்தை யாரோ ஒரு செடிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாற்போல் இருந்தது. படிகளில் இறங்கி ஓடினேன்.

“பாலா, கண்டுபிடிச்சிட்டன்!”

“மெல்ல வாங்கோ அண்ணை. இன்னொரு ஆளை ஆஸ்பத்திரியிலை வைச்சு நேர என்னாலை ஏலாது.”

ஆனால் வகைகளோ நூற்றுக்கணக்கில் இருந்தன. எதைத் தேர்வது? ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே உயரம், நிறம், பூக்கும் பருவம் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என மூவகையும் கலந்து நட்டால் ஒன்று முடியும்போது மற்றொன்று தொடரும். இது எனக்கு எளிதில் விளங்கியது. இறுதிக் கட்டத்தில் குளிர்காலத்து இலையைப் பற்றிய குறிப்பு இருந்தது. சில வகைகள் குளிரிலும் பச்சையாக நிற்பவை. சில, இலையெல்லாவற்றையும் மண்ணுக்குள் இழுத்துக்கொள்பவை. அதாவது மேலே இருப்பது முழுவதும் மடிந்துவிடும். குளிரைத் தாங்குவது எது என்று ஒரு மாணவனைக் கேட்டால் என்ன சொல்வான்? குளிரில் பச்சையாக நிற்பதைத்தான் சொல்வான். நானும் அதையே சொன்னேன். பச்சையாக நிற்கும் வகையில் ஏழைத் தேர்ந்து, திருத்தமான கையெழுத்தில் பட்டியல் எழுதினேன்.

2005 ஏப்ரலில் தம்பித்துரை காரோட்ட, அந்த விலைப்பட்டியலை அனுப்பிய, நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த ஒரு சிறிய நாற்றுப்பண்ணைக்குப் போனோம். அதனை நடத்திய கெம்பர் என்னும் அம்மையார் அறுபது வயதுக்கு மேற்பட்டவர், நகக்கண்களில் மண். என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். எத்தனை மீற்றர் உயரத்தில் வசிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக வெட்டினார்.

நான் எழுதியதை என் கண்முன்னே ஒருவர் வெட்டுவது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. இவை வெப்பமான தேசத்தில் உருவாக்கப்பட்டவை, உறங்கத் தெரியாதவை, உங்கள் மலையில் நிலைக்கமாட்டா என்று அவர் விளக்கினார். உங்கள் பட்டியலிலேயே பச்சையாய் நிற்கும் என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அச்சிட்டது பொய்யா என்று நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். ஏழையும் தோண்டித் தந்தார். புறப்படும்போது, பெயரும் இல்லாத மூன்று குட்டைச் செடிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் சேர்த்து வைத்து, இவை கொசுறு, இவற்றை வெளியிலேயே விட்டுவிடுங்கள் என்றார். நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை.

காரில் தம்பித்துரை வாய்விட்டுச் சிரித்தார். “மாஸ்ரருக்கே சிவப்புப் பென்சில் போட்டிட்டா மனுசி!”

“அது கறுப்புப் பென்சில். நீர் றோட்டைப் பாத்து ஓட்டும்.”

பத்துச் செடிகளையும் பாலாம்பிகை தன் கையால் நட்டாள். முதற்கோடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பூத்தன, தொடர்ச்சி இல்லை. வேரூன்றட்டும், அடுத்த ஆண்டு தொடங்கலாம் என்று முடிவுசெய்தோம். ஒக்டோபர் வந்தது. இனி நடந்தது எங்களவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

இந்நாட்டில் வாழும் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. முதற்குளிர் வந்ததும் அது பால்கனியிலிருந்து உள்ளே வரும். ஹைசுங் எனப்படும் சுவர்க்கணப்பின் அருகே வைத்து, இளஞ்சூட்டு நீர் விட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைப்போல் ஏப்ரல்வரை பார்த்துக்கொள்வார்கள். விருந்தினர் வந்தால் அவர்களை நலம் விசாரிக்குமுன் செடியை விசாரிப்பார்கள். பாலாம்பிகை அவ்வாண்டு கறிவேப்பிலையை உள்ளே எடுத்த கையோடு தோட்டத்துக்குப் போய், பச்சையாய் நின்ற ஏழு செடிகளையும் பெயர்த்துத் தொட்டிகளில் வைத்து, வரவேற்பறையில் ஹைசுங் ஓரமாக வரிசைப்படுத்தினாள். நான் தொட்டி பிடித்துக் கொடுத்தேன்.

“மற்ற மூண்டும்?” என்று கேட்டேன்.

“அதுகள் மஞ்சளாய்ப் போச்சுதுகள் அண்ணை. யன்னல் கரையிலை இடமும் இல்லை.”

நவம்பர் நடுவில் நான் போய்ப் பார்த்தபோது அம்மூன்றும் இருந்த இடத்தில் நனைந்த காகிதம்போல் பழுப்புநிறச் சக்கை மட்டும் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. பச்சை என்று சொல்ல ஒரு நூலளவும் இல்லை. கொசுறாகத் தந்தது வேறு எப்படி இருக்கும் என்று எண்ணியபடி, அவற்றைத் தோண்டி எறிய மண்வெட்டியை ஓங்கினேன். மண்வெட்டி கல்லில் பட்டதுபோல் ஒலித்துத் திரும்பியது. நிலம் உறைந்திருந்தது. இரண்டாம் முறை ஓங்கியதில் என் தோள்மூட்டுத்தான் நொந்தது.

“விடுங்கோ மாஸ்ரர்,” என்றார் வேலிப்பக்கம் நின்ற தம்பித்துரை. “பிரேதத்துக்கு என்ன அவசரம்? பனி கரைய எடுப்பம்.”

அந்தக் குளிர்காலம் நீண்டது. சனவரியில் ஒரு விடியற்காலை தோட்டக் கொட்டிலின் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது காட்டியதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். மார்ச் முடியும்வரை பனி கிடந்தது. வீட்டுக்குள்ளே ஏழு செடிகளும் முதலில் தளதளவென்று வளர்ந்தன. பிறகு வெளிறி நீண்டு, நூலறுந்த பொம்மைகள்போல் சரிந்தன. தை மாதத்தில் செடிப்பேன் பிடித்தது. பாலாம்பிகை சவர்க்கார நீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். இரண்டு செடிகள் அடியோடு அழுகின. மாசியில் அவள் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில், பிரேதங்களை எடுத்து இடத்தைத் துப்புரவாக்கலாம் என்று மண்வெட்டியோடு தனியே போனேன். வேலியோரத்தில் பனி இன்னும் சர்க்கரைக் கட்டியாகக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் மேல்மண் சேறு. அதன் கீழே விரலளவு ஆழத்தில் மண் இன்னும் கெட்டி. பழுப்புச் சக்கையை மண்வெட்டியின் நுனியால் விலக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

ஓர் அங்குல உயரத்தில், சீவிய பென்சில்களின் முனைகளைப்போல, பச்சை. ஒன்றிரண்டு அல்ல, முதற்செடியில் மட்டும் பதினொன்று. சில முனைகள் பனியின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தை உருக்கி, அதன் நடுவில் நின்றன. அவற்றின் பச்சை, வீட்டுக்குள் கிடந்த செடிகளின் பச்சையைப்போல் இல்லை. அதற்குள் ஏதோ எரிந்துகொண்டிருந்தாற்போல் இருந்தது. பத்தொன்பது பாகைக் குளிரில், இரும்பாய் இறுகிய மண்ணுக்குள், ஐந்து மாதம் உயிரை எங்கே வைத்திருந்தது இது? நான் சேற்றில் முழந்தாளிட்டேன். தொட நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். நான் இரு தடவை மண்வெட்டி ஓங்கியது நினைவுக்கு வந்தபோது, பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எட்டத் தள்ளினேன்.

பாலாம்பிகையை அழைத்து வந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்றாள்.

“அண்ணை, இதுகளை நாங்கள் பாக்கவே இல்லையே,” என்றாள்.

அடுத்த நாளே நாற்றுப்பண்ணைக்குப் போய்க் கெம்பர் அம்மையாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஏழையும் ஒரு குளிர்காலம் முழுக்க உறங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறீர்கள்,” என்று மட்டும் சொன்னார். உறங்காதது பூக்காது என்றார். உங்கள் மலையில் வெளியே விட்டிருந்தாலும் அவை செத்திருக்கும், ஆகவே அதிகம் வருந்த வேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே, ஏழில் எஞ்சிய ஐந்தை மறுபடி மண்ணில் நட்டும் அவ்வாண்டு ஒரு தண்டுகூட எழவில்லை. எல்லாம் அந்த மூன்றின் தலையில் விழுந்தது.

அம்மூன்றையும் அந்த அம்மையார் எவ்வளவு எண்ணித் தேர்ந்திருந்தார் என்பது சூனில்தான் தெரிந்தது. ஒன்று மஞ்சள், முந்திப் பூப்பது. ஒன்று செம்மஞ்சள், நடுப்பருவம். மூன்றாவது எலுமிச்சை நிறம். அதன் தண்டுகள் மற்றவை பூக்கத் தொடங்கிய பிறகே தலைகாட்டின. நான் நாள்தோறும் மொட்டுகளை எண்ணினேன். மஞ்சளில் ஐம்பத்தொன்று. செம்மஞ்சளில் எழுபத்திரண்டு. எலுமிச்சையில் நாற்பத்து நான்கு. சூன் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பாலாம்பிகை நேர்த்தியை மூன்றாம் முறையாகத் தொடங்கினாள்.

உலகக்கிண்ண உதைபந்தாட்டம் இந்நாட்டில் நடந்த கோடை அது. தோட்டங்கள்தோறும் கொடிகள் பறந்தன. பக்கத்துக் கொட்டிலில் ஆட்கள் கோல் என்று அலறும்போது பாலாம்பிகை மறுநாளைய மொட்டு அதிர்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு விடியலிலும் போவோம். நேற்றைய பூ சிறு ஈரத்துணிபோல் சுருங்கித் தொங்கும்; அதன் பக்கத்தில் இன்றைய பூ, நேற்று என்ற ஒன்று இருந்ததே தெரியாததுபோல் விரிந்து நிற்கும். பத்தாம் நாள், இருபதாம் நாள். நான் ஒவ்வொரு நாளும் அதனை முதன்முறை காண்பதுபோலவே நின்றேன்.

சூலையில் வெயில் பேயாய் அடித்தது. அம்மலையிலேயே முப்பத்து நான்கு பாகை. ஒரே காலையில் பதினொரு பூக்கள் விரிந்தன. எங்களுக்கு வேண்டியது ஒன்று.

“பத்துப் பூ வீண்,” என்று பாலாம்பிகை கலங்கினாள்.

“ஊதாரிச் செடி. உன்ர புருசனைப் போலை,” என்றேன்.

“என்னைப் போலை எண்டால் கடைசியிலை ஒண்டை ஒளிச்சு வைச்சிருக்கும் மாஸ்ரர்,” என்றார் தம்பித்துரை. எலுமிச்சைச் செடியை வெயில் அவசரப்படுத்தாதிருக்க, பியர்ப் பெட்டியோடு இலவசமாய்க் கிடைத்த, ஜெர்மன் கொடியின் கறுப்பு சிவப்பு மஞ்சள் நிறக் குடையை அவரே கொண்டுவந்து கட்டினார். நாற்பதாம் நாளன்று செம்மஞ்சள் முடிந்தது. நாற்பத்து நான்காம் நாள் எலுமிச்சையில் ஐந்து மொட்டுகள். நாற்பத்தேழாம் நாள் இரண்டு. இரண்டில் ஒன்று அன்று மலர்ந்தது.

ஓகஸ்ட் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, நாற்பத்தெட்டாம் நாள். உலகில் எங்களுக்கு எஞ்சியிருந்தது ஒரே மொட்டு.

வெயில் முதல் நாளே ஓடிவிட்டிருந்தது. இரவு முழுவதும் மலையிலிருந்து குளிர் இறங்கியது. காலை ஆறு மணிக்கு நாங்கள் மூவரும் போனபோது வெப்பமானி ஆறு பாகை காட்டியது. மொட்டு விரல் நீளத்துக்குப் பருத்து, நிறமேறி, நுனியை இறுகப் பொத்திக்கொண்டு நின்றது. குளிர்ந்த இரவுக்குப் பின் இவை பிந்தித்தான் விரியும் என்று கெம்பர் அம்மையார் சொல்லியிருந்தார். எவ்வளவு பிந்தும் என்று நான் கேட்டிருக்கவில்லை.

எட்டு மணி. ஒன்பது. சிறு தூறல். பத்து.

“தலை காயவைக்கிற மெசினைக் கொண்டு வரட்டே?” என்றார் தம்பித்துரை. “தள்ளி நிண்டு பிடிச்சால் காணும்.”

“உங்கட நெஞ்சைத் திறந்த மாதிரி இதையும் வெட்டித் திறக்கச் சொல்லுங்கோவன்.”

பதினொரு மணிக்கு மொட்டின் நுனியில் ஒரு மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. அது காலையிலேயே இருந்ததா என்று எங்களுக்குள் வாக்குவாதம். என்னை அறியாமல் சுட்டுவிரலை நீட்டினேன். இலேசாக நெருடினால் போதும் என்று தோன்றியது. பாலாம்பிகை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டியாய் இருந்தது.

“தொடாதேங்கோ அண்ணை. அதுக்குத் தெரியும்.”

பன்னிரண்டு மணிக்குக் கீழே ஊருக்குள் மாதாகோயில் மணி அடித்தது. மொட்டு அப்படியே இருந்தது. மணியோசை ஓயும்வரை அவள் குந்தியிருந்தாள். பிறகு எழுந்து, முழந்தாளில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“உச்சி ஆகிட்டுது,” என்றாள். “முடிஞ்சுது. வாற வருசம் பாப்பம்.”

தம்பித்துரை பகிடி சொல்வார் என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. சட்டைக்கு மேலாகத் தன் நெஞ்சில் தையல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, மனைவியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் பயம் இருந்தது என்பதை இரண்டரை ஆண்டில் அன்றுதான் அறிந்தேன்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் கடைசி ஞாயிறன்று இவ்வரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போதெல்லாம் நான் கொதிப்பதுண்டு. அந்த ஒரு மணி நேரம் பொய். அதுவும் போதாதென்று, இந்நாட்டின் கடிகாரம் எங்களுக்கு வெகு கிழக்கே உள்ள ஓர் இடத்துச் சூரியனைக் கொண்டு வைக்கப்பட்டது. கணக்கிட்டால், எங்கள் மலைக்கு மெய்யான உச்சி ஒன்றரை மணிக்குப் பிறகுதான். இதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால், பச்சையைப் பார்த்து உயிர் என்றவனும் சக்கையைப் பார்த்துப் பிணம் என்றவனும் நான்தான். என் சொல்லை அவள் எதற்காக நம்ப வேண்டும்?

போஞ்சிக்கொடிக்கு நட்டிருந்த கம்பு ஒன்றைப் பிடுங்கி, வெட்டவெளியில் நேராக ஊன்றினேன்.

“என்ன அண்ணை செய்யிறீங்கள்?”

“கொஞ்சம் இரு.”

மேகம் மெலிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டே கால் மணியளவில் பால்போல் ஒரு வெளிச்சம் விழுந்து, கம்பின் நிழல் புல்லின்மேல் மங்கலாய்க் கிடந்தது. நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்தேன். கால் மணி நேரம் சென்றதும் பாலாம்பிகையைக் கூப்பிட்டேன். நிழலின் நுனி கல்லைவிட்டு மூன்று விரற்கடை உள்ளே வந்திருந்தது.

“நிழல் இன்னும் சுருங்குது,” என்றேன். “உச்சியிலை எண்டால் இனிச் சுருங்காது. நான் சொல்லேல்லை பாலா, நீயே பார்.”

அவள் குனிந்து கல்லைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்து, “சாமிப்படத்தைக் கொண்டு வாங்கோ. கற்பூரமும் தீப்பெட்டியும் கீழ்த்தட்டிலை. ஓடாதேங்கோ, நடவுங்கோ,” என்றாள். வழக்கம்போல் பூவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினால் உச்சி கடந்துவிடும் என்று அஞ்சினாள்.

தம்பித்துரை கார்ச் சாவியோடு போனார். நாங்கள் இருவரும் மொட்டின் முன் குந்தினோம். மேகம் முழுவதும் விலகி, வெயில் தோளில் சுட்டது. அப்போது அது நிகழ்ந்தது. செடி அசையவில்லை, காற்று இல்லை; மொட்டின் நுனியில் இருந்த மயிரிழை அகன்று, புற இதழ் ஒன்று, பிடித்திருந்த கையை யாரோ விட்டாற்போல், துள்ளி விலகியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. உள்ளிருந்த மூன்று இதழ்களும் ஒன்றையொன்று தழுவியபடி நின்று, நாங்கள் பார்க்கப் பார்க்கச் சுருள் பிரிந்தன. நாற்பத்தேழு பூக்களை மலர்ந்த பின்பே கண்டிருந்தோம். மலர்வதைக் கண்டது இதுதான். உலகில் ஒரு பொருள் தன்னைத் தானே திறப்பதற்கு ஓசை இல்லை என்பது எனக்குப் புதிதாய் இருந்தது. எங்களில் யார் முதலில் கைகூப்பினோம் என்று தெரியவில்லை. உள்ளே, தொண்டையில், வெளிர்பச்சை ஒளி. அதே பச்சை. ஏப்ரலில் பனியைத் துளைத்து வந்ததே, அது.

கடிகாரம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருப்பதாகக் காட்டியது. காட்டிவிட்டுப் போகட்டும்.

தம்பித்துரை முருகனை மார்போடு அணைத்தபடி வந்தார். “முன் சீற்றிலை வைச்சு பெல்ட் போட்டுத்தான் கொண்டு வந்தனான்,” என்றவர், பூவைக் கண்டதும் படத்தை மனைவியிடம் நீட்டினார். உதைபந்தாட்டக் குடையைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தார். பாலாம்பிகை பூவைக் கொய்து, படத்தின் பாதத்தில் சாத்தி, கற்பூரம் காட்டினாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கற்பூரம் அணைந்தபோது கம்பின் நிழல் முதற்கல்லிலிருந்து ஒரு சாண் உள்ளே வந்திருந்தது, இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது.

அவள் தோட்டக்குழாயில் இரு கையும் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். நெடுநேரம் குடித்தாள்.

“அப்ப இனி எனக்கு நிரந்தரமோ?” என்றார் தம்பித்துரை.

“முதலிலை வீட்டை போய் டொக்டர் தந்த மத்தியானக் குளிசையைப் போடுங்கோ,” என்றாள் பாலாம்பிகை. பிறகு சிரித்தாள். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்த நாளுக்குப் பின் அவள் சிரித்ததை நான் கேட்டிருக்கவில்லை.

அவர்கள் போன பின்பும் நான் அங்கேயே இருந்தேன். ஒன்றரை மணி கடந்து சற்று நேரத்தில் நிழல் நின்றது. பின் மறுபக்கம் நீளத் தொடங்கியது.

நவம்பரில் மூன்றும் மறுபடி மஞ்சளாகி, பழுப்பாகி, மண்ணோடு மண்ணாயின. பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாய் வந்திருந்த ஒருவர் வேலிக்கு மேலாகப் பார்த்து, உங்கள் செடிகள் செத்துவிட்டன என்று இரக்கத்தோடு சொன்னார். ஆம் என்றேன். மண்வெட்டிக்கு எண்ணெய் பூசிக் கொட்டிலில் மாட்டிவிட்டு, கறிவேப்பிலையை உள்ளே எடுக்க வீட்டுக்குப் போனேன்.